மாமாவுக்கு வாங்கிய நீலக் கயிறு

அன்று தேன்பாறையில் இருந்தவர்கள் இவ்வளவுதான். பாறைக்கு மேலே மாமா, நான், மாமாவின் செவலை நாய். பாறைக்குக் கீழே, பச்சைத் தழையைக் கொளுத்திப் புகை போட வந்த, எங்கள் மலையின் குண்டூர் நாட்டுப் பகுதிக்காரர். இருந்திருக்க வேண்டியவர் என் அப்பா. அவர் வீட்டுக் கொல்லையில் மிளகுக் கொடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

ஊர்க்கூட்டத்தில் இந்தக் கணக்கை நான்கு முறை சொன்னேன். "நாயை எதுக்குடி சொல்ற?" என்று ஊர்க்கவுண்டர் அதட்டினார். எனக்குப் பயம். நாயும் அங்கே இருந்ததே, ஒன்றை விட்டுச் சொன்னால் பொய்யாகிவிடுமே என்று. நாயை விடாமல் சொன்ன நான் வேறொன்றை விட்டுவிட்டேன். நாற்பத்தைந்து வருடம் கழித்து அதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுத வைத்தது என் மருமகளின் போன். மகனுக்குப் பெங்களூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் கூட்டாளிகளோடு போய்ப் பாறை ஏறுகிறான். நம் காலத்தில் வயிற்றுக்காக ஏறினார்கள், இவர்கள் காசு கட்டி ஏறுகிறார்கள். "அத்தை, அவருக்கு மலையும் பாறையும்னா உசிரு. பொறந்த நாளைக்கு என்ன வாங்கிக் குடுக்கலாம், நீங்களே சொல்லுங்க" என்றாள் மருமகள். "திங்கறதுக்கு எதாச்சும் வாங்கிக் குடு சாமி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உங்களுக்கும் இந்த வயதில் இப்படித்தான் யாராவது கேட்பார்கள். காடு மேடு சுற்றுகிறவனுக்கு என்ன கொடுக்கலாம் என்று. நான் ஒருமுறை யோசனை சொன்னேன். நன்றாக யோசித்துத்தான் சொன்னேன்.

மாமா என்றால் என் அத்தை புருஷன், அப்பாவின் தங்கையைக் கட்டியவர்; அவருக்கு நான் மருமகள் முறை. அவரை வீட்டுக்குள் பார்ப்பது அபூர்வம். சாப்பாட்டுக்கு வந்தாலும் வாசலில் குந்தி, காட்டைப் பார்த்தபடிதான் சாப்பிடுவார். உடம்பில் எப்போதும் புகை வாசமும் மெழுகு வாசமும் இருக்கும். நல்லவர் என்று சொல்ல மாட்டேன். சிரிக்க வைப்பார், யாரையாவது குத்தித்தான் சிரிக்க வைப்பார். என் பேரே அவருக்குப் 'பயந்தாங்குளி'. ஒருமுறை "கையை நீட்டு கண்ணு, பலாச்சுளை தாரேன்" என்றார். கண்ணை மூடி நீட்டினேன். உயிரோடு ஒரு தேனீயை வைத்து என் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டார். நான் அலற அலற அத்தை உட்பட எல்லோரும் சிரித்தார்கள். "கொட்டினாத்தான் பயம் தெளியும்" என்றார் மாமா. தெளியவில்லை.

அப்படிப்பட்டவருக்காகத்தான் சித்திரை, வைகாசி முழுக்க நான் சோறு இறங்காமல் கிடப்பேன். அவர் பாறையில் கயிற்றில் தொங்கித் தேன் எடுக்கப் போன நாளில் வழியைப் பார்த்தபடி நிற்பேன். மேலே கயிறு பிடிப்பது என் அப்பா. மாமா விழுந்தால் அப்பாவையும் இழுத்துக்கொண்டு விழுவார். ஆக எனக்கு ஒரே சமயத்தில் இரண்டு பயம்.

எங்கள் பக்கம் தேன்பாறையில் இறங்குகிறவனுக்குக் கயிறு பிடிக்க வேண்டியவன் அவன் மச்சான், பெண்டாட்டியோடு பிறந்தவன். கூடப் பிறந்த அண்ணன் தம்பியைக்கூட நம்ப மாட்டார்கள். அண்ணன் தம்பிக்குப் பங்கு மிச்சமாகும். மச்சான் கையை விட்டால் அவன் தங்கச்சிதானே தாலி அறுப்பாள். கயிறும் கடைக்கயிறு இல்லை. முதல் நாள் மச்சானே காட்டுக்குப் போய்க் கொடி வெட்டி வந்து முறுக்குவான். ஒரு கொடியில் ஒருமுறைதான் இறங்குவது. தேன் எடுத்ததும் அதைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிட்டு வருவார்கள்.

அந்தக் கொடி மாட்டுத் தாம்புக் கயிற்றைவிடக் கொஞ்சம் தடிமன். பிடித்து முறுக்கும்போது கிரீச் கிரீச் என்று முனகும். இதிலா ஓர் ஆள் தொங்குவது?

செம்மேட்டு ஆஸ்பத்திரியில் அப்போது ஒரு நர்சம்மா இருந்தார். மலைக்குக் கீழே சமவெளிக்காரர், கிறிஸ்து வேதக்காரர், தனி ஆள். எடப்புளி நாட்டுப் பக்கம் சிதறிக் கிடக்கும் ஊர்களுக்குத் தடுப்பூசி போட நடந்தே போவார். மாமாதான் வழிகாட்டி, ஐஸ் பெட்டியை மாமா தலையில் தூக்கிக்கொண்டு முன்னே போவார். மூன்று வருடம் அப்படி நடந்ததற்கு மாமா ஒரு பைசா வாங்கவில்லை. நர்சம்மாவுக்கு மாற்றல் வந்தபோது, போவதற்கு முன் அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தவித்தார். மாமாவிடம் கேட்டால் சிரிப்பார். அதனால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் குவார்ட்டர்ஸ் படியில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஒரு ரொட்டி கொடுத்திருந்தார்.

"உங்க மாமாவுக்கு என்ன கண்ணு புடிக்கும்?"

"காடுங்க."

"காட்டை நான் எங்க போய் வாங்கறது? கடையில விக்கறதாச் சொல்லு. பூட்சு வாங்கட்டுமா? வெறுங்காலோட முள்ளுல நடக்கறாரு."

"போன வருசம் ஆபீசுக்காரரு ஒருத்தரு பூட்சு குடுத்தாருங்க. அதுல இப்பக் கோழி முட்டை வெக்குதுங்க."

நர்சம்மா வாயில் சேலையை வைத்துக்கொண்டு சிரித்தார். "மழைக்கோட்டு?"

"சாமைக் கொல்லைப் பொம்மைக்கு மாட்டிருவாங்க."

"டார்ச் லைட்டு?"

"தேனீ வெளிச்சத்துக்குத்தான் வருமுங்க."

"நல்ல கத்தி?"

"இரும்பு குடுத்தா உறவு அறுந்துருமுன்னு அம்மா சொல்லுமுங்க."

"அட, பெரிய மனுசி! அப்ப நீயே சொல்லு."

நான் ரொட்டியைக் கீழே வைத்தேன். இத்தனை நாள் பயந்து பயந்து யோசித்து வைத்திருந்தது வாயில் தயாராக இருந்தது. "கயிறுங்க. சந்தையில பலாப்பழ லாரிக்குக் கட்டறாங்களே, நீலக் கயிறு, அது. லாரி பாரத்தையே தாங்குதுங்க. மாமாவைத் தாங்காதுங்களா?"

நர்சம்மா என் தலையில் கை வைத்தார். "இத்தனை வருசத்துல எனக்கு இது தோணலையே. அவரு மேல எவ்வளவு பாசம் உனக்கு!" என்றார். பாசமா பயமா என்று எனக்கு இன்றும் தெரியாது.

சந்தை நாளில் இருவரும் போய் வாங்கினோம். நாற்பது ரூபாய்க்கு மேல். கடைக்காரர் ஒரு முனையை நெருப்பில் காட்டி உருக்கி அடைத்துக் கொடுத்தார். புதுக் கயிறு மண்ணெண்ணெய் போல வாசம் அடித்தது, வெயிலில் பளபளத்தது. வரும் வழியில் நர்சம்மா, "இது நம்ம ரெண்டு பேரு பரிசு. நீயும் பத்து ரூபா போடோணும்" என்றார். விளையாட்டுக்குத்தான். நான் விளையாட்டாக எடுக்கிற பிள்ளை இல்லை. பலாக்கொட்டை பொறுக்கி விற்று, அவர் கிளம்புவதற்குள் மூன்று ரூபாய் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றார். அழுதேன். வாங்கிக்கொண்டார்.

ஒன்று மட்டும் சத்தியம் வாங்கினேன். "நான் சொல்லித்தான் வாங்குனதுன்னு மாமாகிட்டச் சொல்லாதீங்க. சிரிப்பாங்க."

மாமாவுக்கு அந்தக் கயிறு தலைகால் புரியாத சந்தோஷம். கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றினார். அப்பாவிடம் கொண்டுவந்து நீட்டினார். அப்பா கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தார்.

"வழுக்குதுங்க மாப்ள. கொடின்னா அறுகறதுக்கு முந்தி முனகும். கேட்டுட்டு உங்களை மேல இழுத்துருவேன். இது ஊமையாவல்ல இருக்குது?"

"பேசாத மச்சான் கெடைச்சா நல்லதுதானுங்க மச்சான்" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த சந்தையில், டீக்கடை முன்னால், அவ்வளவு ஆட்கள் நடுவில் மாமா ஆரம்பித்தார். "என்ற மச்சான் மேல குந்திக்கிட்டுக் கொடியைப் புடிக்கறதுக்கு மூணுல ஒரு பங்கு தேன் வாங்குவாருங்க. இனி மரத்துல கட்டிப்போட்டு எறங்கிருவேன். மரம் பங்கு கேக்காது, பீடி கேக்காது, ஊட்டுக்கு வந்து சோறும் கேக்காது." அப்பா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து நடந்தார். வீட்டுக்கு வந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மிளகுக் கொடிக்குப் போனார். எனக்கோ உள்ளுக்குள் நிம்மதி. அப்பா இனி பாறைக்குப் போக வேண்டாம்; மாமாவுக்கு லாரிக் கயிறு. இரண்டு பயமும் ஒரே நாளில் தீர்ந்தன என்று அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நான்கு நாள் கழித்து, வெயில் சாயும் நேரம், மாமா என்னை வாசலில் நின்று கூப்பிட்டார். "வா பயந்தாங்குளி. உங்கப்பனுக்குப் பதிலா இன்னிக்கு நீதான் மச்சான்." பாறைக்குப் பெண்பிள்ளைகளை அழைத்துப் போகிற வழக்கம் இல்லை. அப்பாவுக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னார். அப்பா குனிந்த தலை நிமிரவில்லை. அம்மா தடுக்க வாயெடுத்து, அப்பா முகத்தைப் பார்த்து, அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பாறை உச்சியில் மாமா கயிற்றை இச்சி மரத்தில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினார். மீந்த வாலை என் கையில் திணித்தார். "கெட்டியாப் புடிச்சுக்க மச்சான். உன்ற அத்தை தாலி உன்ற கையிலதான்" என்று சொல்லிக் கண்ணடித்தார். கூடையும் மூங்கில் கழியும் புகைக்கட்டுமாக விளிம்பில் இறங்கினார். கடைசியாகத் தெரிந்தது தலைப்பாகை.

நான் மரத்தடியில். விளிம்பு எனக்குப் பத்தடி தள்ளி. கயிறு மரத்திலிருந்து போய்ப் பாறை விளிம்பில் மடிந்து கீழே போகிறது. அந்த விளிம்பு அரிவாள்மணை மாதிரி இருக்கும். தேனடை நேர் கீழே இல்லை, ஓரமாக இருந்தது. அதனால் மாமா காலை உந்தி ஊஞ்சல் போல ஆடி ஆடிக் கழியால் அறுத்தார். அவர் ஆட ஆட, கயிறு விளிம்பில் இப்படியும் அப்படியும் நகர்ந்தது. கீழே தேனீக்களின் இரைச்சல், மழை வருகிற மாதிரி. கயிற்றில் ஒரு சத்தமும் இல்லை.

முதலில் விளிம்பில் ஒரு நீலப் பஞ்சு தெரிந்தது. பூச்சி என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் பஞ்சு. பிறகு ஒரு புரி தனியாக எழுந்து சுருண்டது.

"மாமா! கயிறு பிரியுதுங்க! மேல வந்துருங்க!"

கீழிருந்து சிரிப்பு. "யாரு பிரியறது, கயிறா நீயா?"

"நெசமாலுமுங்க மாமா! நூலு நூலாப் போகுதுங்க!"

"பாருங்க," என்று அவர் கீழே இருந்த புகைக்காரரிடம் கத்தினார், "என்ற புது மச்சான் மூத்திரம் போயிட்டான்." புகைக்காரர் சிரித்தது பாறையில் பட்டு எதிரொலித்தது. மூன்றாவது முறை நான் கத்தியபோது, மாமா என் குரலிலேயே, "மாமா, மேல வந்துருங்க" என்று இழுத்து இழுத்துச் சொல்லிக் காட்டினார். சொல்லி முடிக்கவில்லை. என் கையில் இருந்த வால் அசையவே இல்லை. எதிரே, விளிம்பில் விறைப்பாக இருந்த கயிறு மட்டும் சட்டென்று தளர்ந்து, சுருண்டு என்னைப் பார்க்க வந்தது. நாய் விளிம்புக்கு ஓடி எட்டிப் பார்த்தது. நான் பார்க்கவில்லை.

சாகவில்லை. செத்திருந்தால் ஊர் ஒரு வாரத்தில் மறந்திருக்கும். போர்வையில் தூளி கட்டிச் செம்மேட்டுக்குத் தூக்கிப் போனபோது ஆஸ்பத்திரியில் நர்சம்மா இல்லை. மாற்றலாகிப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்து திருப்பி அனுப்பினார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. வீட்டுக்குள் கால் தரிக்காத மனுஷன் ஒன்பது வருடம் வீட்டுக்குள் கிடந்தார்.

விழுந்த அன்று அப்பா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கயிறு மடியற எடத்துல வாழை மட்டை வெச்சிருந்தாங்களா?"

எனக்குப் புரியவில்லை. "இல்லீங்கப்பா. எதுவுமே வெக்கல."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். வருடக்கணக்காக, மாமா இறங்கியதும் அப்பா ஈர வாழை மட்டையை விளிம்பில் வைத்து, அதன் மேல்தான் கொடியை ஓட விடுவார். மட்டை தேயத் தேய மாற்றுவார். அது கயிறு பிடிக்கிறவன் வேலை. கீழே தொங்குகிறவன் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. இத்தனை வருடம் தன்னைக் காத்தது எது என்று மாமாவுக்குத் தெரியாது. அப்பா சொன்னதும் இல்லை, மூன்றில் ஒரு பங்கு எதற்கு என்று மாமா கேட்டதும் இல்லை.

ஊர்க்கூட்டத்திலும் அப்பா அதைச் சொல்லவில்லை. மச்சான் முறையில் இருந்துகொண்டு பாறைக்குப் போகாமல் இருந்தது குற்றம் என்றார்கள். "இவரு போயிருந்தா என்ற புருசன் எந்திருச்சு நடப்பாரு" என்று அத்தை மண்ணை வாரி அப்பா மேல் வீசினாள். அந்தக் கயிறு எங்கிருந்து வந்தது, யார் கேட்டு வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் நான் நாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஊர்க்கவுண்டர் தீர்ப்பு: "கயித்தைப் புடிக்காதவன் ஆளைப் புடிக்கட்டும்." காலையிலும் மாலையிலும் அப்பா போய் மாமாவை முதுகில் தூக்கிக் கொல்லைக்குக் கொண்டுபோய், கழுவி, திரும்பக் கட்டிலில் போட வேண்டும். ஒன்பது வருடம். அப்பா ஒரு நாள் தவறவில்லை. மாமாவும் தவறவில்லை. முதுகில் இருந்தபடி, எதிரே யார் வந்தாலும் அவர்கள் காதில் விழும்படி சொல்லுவார். "பாத்துங்க மச்சான். கீழ போட்டுறாதீங்க. ஏற்கெனவே ஒருக்காப் போட்டுட்டீங்க."

அறுந்தது போக மிச்சக் கயிற்றை அத்தை ஆடு கட்ட எடுத்துக்கொண்டாள். மழை, வெயில், ஆட்டுப் பல் எதற்கும் அது அசையவில்லை. அத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அறுந்ததில்லை.

மருமகள் போன வாரம் திரும்பக் கூப்பிட்டாள். கயிறெல்லாம் அவர்களிடம் இருக்கிறதாம். பாறை முனையில் கயிறு உரசாமல் இருக்க ஓர் உறை விற்கிறார்களாம், அது அவனிடம் இல்லையாம். "அது சின்னப் பொருளுங்க அத்தை. பொறந்த நாளுக்குக் குடுத்தா நல்லாவா இருக்கும்?" என்றாள். "ரெண்டா வாங்கு சாமி" என்றேன். ஏன் அழுகிறேன் என்று கேட்டாள். சளி என்றேன்.

இனி விட்டுப்போனதைச் சொல்கிறேன். அந்த வருடமே ஐப்பசி மழையில் ஒரு நாள் மாமா பேருக்குக் கார்டு வந்தது. நர்சம்மா எழுதியது. நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. எங்கள் இரு வீட்டிலும் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்தி; ஆறாவதில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கட்டிலில் மாமா, கால்மாட்டில் அத்தை, அப்போதுதான் அவரை இறக்கிப் போட்டுவிட்டு மூச்சு வாங்க நின்ற அப்பா. "படி பயந்தாங்குளி" என்றார் மாமா.

படித்தேன். நலம், நலமறிய ஆவல். புது ஊரில் நடக்கக் காடு இல்லை. மூன்று வருடம் கூட நடந்ததை மறக்க மாட்டேன். புதுக் கயிற்றில் பத்திரமாக இறங்குங்கள். இந்த வரியில் அத்தை கேவினாள். அடுத்த வரியைக் கண் படித்துவிட்டது, வாய் நின்றுவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றார் மாமா.

"அவ்வளவுதானுங்க."

"கார்டு அடி வரைக்கும் எழுத்து இருக்குதே. எனக்குப் படிக்கத் தெரியாது, கண்ணு தெரியும்."

"அது... வேத வசனமுங்க. அவங்க சாமி வசனம்."

"அதையும் படி. நம்ம சாமிதான் கைய விட்டுருச்சு, அவங்க சாமி என்ன சொல்லுதுன்னு கேப்போம்."

கர்த்தர் நல்லவர், எல்லாரையும் காப்பாற்றுவார் என்று ஏதோ உளறினேன். மாமா அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களா மச்சான்? கர்த்தரு கயித்தை உடமாட்டாராம். உங்களாட்டம் இல்ல." அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே மழையில் இறங்கிப் போனார். அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் மாமாவின் வாய் அன்றைக்கே என் பக்கம் திரும்பியிருக்கும். அப்பா முதுகு கொஞ்சம் இலேசாகியிருக்கும். நான் படிக்கவில்லை.

அடுத்த வாரத்தோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினேன். வயிற்று வலி என்றேன், வழியில் பாம்பு என்றேன். படிப்பை விட்டவளிடம் அடுத்த கார்டை யாரும் நீட்ட மாட்டார்கள் என்பது என் கணக்கு. அடுத்த கார்டு வரவே இல்லை. மாமா போய், அப்பாவும் போய்விட்டார். தங்கச்சி புருஷனைக் கீழே போட்டவர் என்ற பேரோடுதான் போனார். கார்டைக் கூரையில் செருகி வைத்தேன், கரையான் தின்றுவிட்டது. நான் விட்ட வரியை இப்போது படிக்கிறேன்:

"கயிறுதான் வேண்டும் என்று எனக்கு யோசனை சொன்னது உங்கள் மருமகள்தான், அவளைத் திட்டாமல் ஒரு முத்தம் கொடுங்கள், அவள் பங்கில் எனக்கு இன்னும் ஏழு ரூபாய் பாக்கி."